வாசகர் கேள்வி – பதில்: பழைய சேமக்காலையை மட்டப்படுத்தலாமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, பழைய சேமக்காலைகளையும் (கிறிஸ்தவர்களின் அடக்கத் தலங்களையும்) கல்லறைகளையும் பற்றியவையாக அமைந்துவிட்டன. அவற்றுள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி வாசகர் ஒருவரின் கடிதத்துக்குத் தாமதமின்றிப் பதில் சொல்ல வேண்டியுள்ளது. ஆகையால் ஏனைய விடயங்கள் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இம்முறை இப்பகுதி முழுவதையும் இப்பொருளுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: எங்கள் ஊர் வலிகாமத்தில் உள்ள ஒரு சிறு பட்டினம், பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். இங்குள்ள சேமக்காலையின் ஒரு பகுதியில் நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முற்பட்ட கல்லறைகள் உள்ளன. புதிய அடக்கங்களுக்கு இடம் போதாமையால் அப்பகுதியை மட்டப்படுத்தி, கற்களை மதிலோரம் அடுக்கிவிட நிர்வாகக் குழு எண்ணியிருக்கிறது. "அவை வெள்ளைக்காரரின் கல்லறைகள், உரித்தாளர் எவருமில்லை, பாதி உடைந்தும் போயின" என்பது குழுவினரின் வாதம். மரபுரிமைப் பெறுமதி என்று சொல்லத்தக்கது இதில் உண்மையாகவே ஏதேனும் உண்டா?
– வலிகாமத்து வாசகர்

பதில்: உண்டு, யாழ்ப்பாணத்தில் அது வேறு பல இடங்களைவிடக் கூடுதலாகவே உண்டு. கோயிற் பதிவேடுகளும், கச்சேரிப் பத்திரங்களும், வீட்டுப் பெட்டகங்களில் பேணப்பட்ட உறுதிகளும் கடிதங்களும் குறையாமல் எஞ்சியிருக்கும் ஓர் ஊரில், கல்லறையில் வெட்டிய பெயரும் திகதியும் ஏற்கெனவே தெரிந்த செய்தியின் பிரதியாகவே இருக்கும். எங்கள் நிலைமை வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏட்டுச் சுவடிகளோடு எத்தனையோ வரலாறுகளின் மூலங்களும் சாம்பலாயின. 1990இலிருந்து வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. அங்கிருந்தோர் கையில் அகப்பட்டதோடு வெளியேறினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்களே போரினால் குடாநாட்டின் கிழக்கிலுள்ள தென்மராட்சிக்கும் அதற்கப்பாலும் பெயர்ந்தனர். அந்த ஓட்டங்களில் பதிவேடுகளைச் சுமந்து சென்றோரும் இருந்தனர். ஆயினும் சுமக்க முடியாமற் போனவையே அதிகம். கல் இருந்த இடத்தில் இருந்தது. ஆகவே உங்கள் சேமக்காலையில் உடைந்து கிடக்கும் ஒரு கல், அதன்கீழ் உறங்குபவர் இவ்வூரில் வாழ்ந்தார் என்பதற்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்றாக இருக்கக்கூடும். அதை அகற்றுவதற்கு முன்னர், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் குழுவினர் ஒருமுறையேனும் வாசித்தார்களா என்று கேளுங்கள்.

"வெள்ளைக்காரரின் கல்லறைகள்" என்ற வாதத்தை நான் எளிதில் ஏற்கமாட்டேன். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினர். அவர்களது விடுதிப் பாடசாலைகளிற் சேர்ந்த பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலிருந்த அன்பர்கள் பொறுப்பேற்றதும், பொறுப்பேற்றவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இட்டதும் அக்காலத்து வழக்கம். சிறுப்பிட்டியிற் பிறந்து, பிற்காலத்தில் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே இளமையில் சாள்ஸ் வின்சிலோ கிங்ஸ்பெரி என்று அழைக்கப்பட்டவர்தான். அவரோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகத் தேறிய விசுவநாதபிள்ளையின் பெயருக்கு முன்னால் இன்றும் 'கறோல்' என்ற சொல் நிற்கிறது. ஆகையால் முழுக்க ஆங்கிலப் பெயர் பொறித்த ஒரு கல்லின்கீழ் உங்கள் ஊர்க் கமக்காரர் ஒருவரின் மகன் இருப்பதற்கு நிரம்ப வாய்ப்புண்டு. 'உரித்தாளர் இல்லை' என்று தள்ளப்படும் கல்லறைக்கு அடுத்த ஒழுங்கையிலேயே உரித்தாளர் இருக்கலாம். பெயர் மாறியதனால் அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

உண்மையிலேயே அந்நியரானவர்களின் கல்லறைகளும் எங்கள் வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல. 1806இல் மசச்சூசெட்சில் ஒரு வைக்கோற்போரின் நிழலில் கூடிச் செபித்த ஐந்து மாணவர்களிடமிருந்தே அமெரிக்காவின் வெளிநாட்டு மிஷன் இயக்கம் தொடங்கியதாகச் சொல்வார்கள். அந்த ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் றிச்சட்ஸ் 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார். அதே மிஷனைச் சேர்ந்த தானியேல் பூவரின் மனைவி சூசன் அதற்கு முந்திய வருடமே இறந்திருந்தார். அக்காலத்தில் இலங்கையின் பிரித்தானிய ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பார்ன்ஸ் மேலதிக அமெரிக்க மிஷனரிமார் வருவதைத் தடுத்தமையால், 1833 வரை இறந்தவரின் இடத்தை நிரப்ப எவரும் வந்துசேரவில்லை. எஞ்சியிருந்த ஒரு சிலரே பாடசாலைகளையும் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தையும் நடத்தினர். உடுவிலில் 1824இல் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்சிலோ, தம் பிள்ளைகளிற் சிலரை இந்த மண்ணிலேயே பறிகொடுத்து, 1833 சனவரியில் தாமும் அங்கேயே கண்மூடினார். பூவர் 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியால் மாண்டார். உடுவிலில் ஏறத்தாழ நாற்பது வருடங்கள் கற்பித்து, ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பாத எலைசா அக்னியூ 1883இல் மானிப்பாயில் இறந்தார். ஹரியற் வின்சிலோவின் கொள்ளுப்பேரன்மாரான ஜோன் பொஸ்ரர் டல்லசும் அலன் டல்லசும் 1950களில் அமெரிக்க அரசின் மிக உயர்ந்த பதவிகளில் இருந்தனர் என்பது வருகையாளருக்குச் சொல்ல ஏற்ற செய்தி. ஆனால் உடுவிற் கல்லறையின் பெறுமதி அதனால் உயர்வதாக நான் கருதவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண் கல்வி எத்தகைய விலை கொடுத்துத் தொடங்கப்பட்டது என்பதை அது காட்டுகிறது, அதுவே போதும்.

புகழ்பெற்றவர் எவரும் உங்கள் சேமக்காலையில் இல்லாமலிருக்கலாம். அதனாலும் பெறுமதி குறையாது. ஒரே குடும்பத்தின் சிறு கற்கள் மூன்று நான்கு அடுத்தடுத்து நிற்குமானால், அக்காலத்துப் பிள்ளை மரணங்களைப் பற்றி எந்த அறிக்கையும் சொல்லாத அளவுக்கு அவை சொல்லும். தாயினதும் சேயினதும் திகதிகள் ஒரு கிழமைக்குள் அமைந்திருந்தால் அந்தப் பிரசவத்தின் கதை விளங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலேயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியோர் தங்கள் உத்தியோகத்தையும் ஊழியம் செய்த நகரையும் கல்லில் வெட்டுவித்தனர். நொத்தாரிசு, உடையார், மணியகாரர், உபதேசியார், வைத்தியர் என்று கற்கள் சொல்லும் தொழில்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்: அந்தப் பட்டினம் எதனால் பிழைத்தது, யார் கையில் பணமும் செல்வாக்கும் இருந்தன என்பது தானாகவே வெளிப்படும். கல்லே வைக்க இயலாதவர்களின் மண்மேடுகளும் அங்கிருந்தன என்பதையும் அதோடு நினைவிற்கொள்ள வேண்டும்.

கற்களை அழிக்கவில்லை, மதிலோரம் வைக்கத்தான் போகிறோம் என்று குழுவினர் சொல்லக்கூடும். பெயர்த்து அடுக்கிய கல்லில் எழுத்து மிஞ்சலாம். எவருக்கு அருகில் எவர் அடங்கினார், எந்தக் குடும்பத்தின் வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்ற செய்தி மிஞ்சாது. பெயர்க்கும்போது மெல்லிய பலகைக்கற்கள் முறியும். மதிலோரம் சாய்த்தவை சில மாரிகளுக்குள் ஒன்றன்மேலொன்று சரிந்து நொறுங்கும். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய குருசுக் கோவிலின் நிலத்தில் அதிகாரிகளினதும் அவர்களது குடும்பத்தினரதும் பெருங் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. போர்க்காலத்தில் அந்தக் கோவில் இடிந்து கற்குவியலாயிற்று. ஆயினும் பென்றி லூயிஸ் என்ற குடியியல் சேவை அதிகாரி, இலங்கையிலுள்ள ஐரோப்பியக் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913இலேயே பட்டியலாக அச்சிட்டிருந்தார். அந்தக் கற்கள் சொன்னவற்றை இன்றும் நாம் அறிய முடிவது அந்த உழைப்பினால்தான். அவர் முக்கியமாக ஐரோப்பியரின் கல்லறைகளையே நாடினார். எங்கள் ஊர்ச் சேமக்காலைகளில் தமிழில் வெட்டிய கற்களுக்கு அவ்வாறான பட்டியலை நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

குழுவினரின் இடநெருக்கடி மெய்யானது. அதைப் புறக்கணித்துப் பேசினால் உங்கள் சொல்லை எவரும் கேட்கமாட்டார்கள். முதலில் சேமக்காலை முழுவதற்கும் ஒரு வரைபடம் தயாரிக்க அனுமதி கேளுங்கள். இவ்வாறு வரைந்து பார்க்கும்போது, பற்றைக்குள் மறைந்து, ஒருபோதும் அடக்கம் நடைபெறாத நிலத்துண்டுகள் வெளிப்படுவதுண்டு. குடும்பக் கல்லறைகளை மீண்டும் திறந்து அடக்கும் வழக்கம் எங்களிடையே ஏற்கெனவே இருப்பதால், அதை ஒழுங்குபடுத்தினாலும் இடம் மிஞ்சும். இவ்வளவும் செய்து பார்த்த பின்னரும் வேறு வழியில்லை என்றால் அயலில் புதிய காணியைத் தேடலாம். பழைய பகுதியை மட்டப்படுத்துவதைக் கடைசி வழியாகக்கூட நான் பரிந்துரைக்கமாட்டேன். இறந்தோரின் நினைவிடங்கள் இயந்திரங்களால் தரைமட்டமாக்கப்பட்டதைத் தம் கண்ணாலேயே கண்ட மக்கள் நாங்கள்; அந்த வேலையை எங்கள் கையாலேயே செய்வதற்கு எங்களுக்கு எப்படி மனம் வரும்?

கேள்வி: எங்கள் பூட்டனாரின் கல்லறையில் உள்ள எழுத்துக்கள் தேய்ந்துவிட்டன. சோக்கட்டியால் உரசினால் தெரியும் என்கிறார்கள். அமிலம் ஊற்றிக் கழுவலாம் என்றும் ஒருவர் சொன்னார். இலக்கங்களாகவும் தெரியாத, எழுத்துக்களாகவும் தெரியாத சில குறிகளும் அதில் உள்ளன. எப்படி வாசிப்பது?
– சுண்டுக்குளி வாசகி

பதில்: அமிலத்தைத் தொடவே வேண்டாம். எங்கள் குடாநாட்டின் கல் சுண்ணக்கல். சலவைக்கல்லும் அதே இனத்தைச் சேர்ந்தது. எலுமிச்சம் புளியளவு அமிலமே இவற்றைக் கரைக்கும் என்றால், கழிவறை கழுவும் திரவம் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கழுவிய அன்று கல் வெண்மையாக மின்னும். அந்த மினுக்கம், எழுத்தின் விளிம்பும் சேர்ந்து கரைந்து போனதன் அடையாளம். கம்பிப் பிரஷ், பிளீச்சிங் தூள், அமுக்கத்தோடு நீர் பாய்ச்சும் இயந்திரம் ஆகியனவும் ஆகா. சோக்கட்டியின் தூள் கல்லின் நுண்துளைகளில் இறங்கிப் படிந்துவிடும். உரசும்போது ஏற்கெனவே உதிரும் நிலையிலுள்ள மேற்பரப்பும் கூடவே வரும்.

கல்லைத் தொடாமலே வாசிக்கலாம். வெயில் சரிவாக விழும் காலையிலோ மாலையிலோ போய்ப் பாருங்கள். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரிந்த பலகையில் அப்போது வரிகள் எழுந்து நிற்கும். மரநிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். எல்லாவற்றிலும் நல்லது இருட்டியபின் ரோச் வெளிச்சத்தைக் கல்லின் ஓரத்தோடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுப்பது; ஒரு பக்க வெளிச்சத்தில் மறைந்த எழுத்து மறுபக்க வெளிச்சத்தில் தெரியும். இதற்குச் சாதாரணக் கைபேசியே போதும். துணைக்கு ஒருவரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்; பழைய சேமக்காலைகளில் பாம்பும், உட்குழிந்த கல்லறைகளும் உண்டு.

பாசியை நீக்கியே தீரவேண்டுமென்றால், கல் உறுதியாக, வெடிப்பின்றி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தட்டினால் உள்ளே வெறுமையாக ஒலிக்குமானால், அல்லது விரல் பட்டவுடன் மா போல உதிருமானால் விட்டுவிடுங்கள். உறுதியான கல்லை நல்ல தண்ணீரால் நனைத்து, மிருதுவான நைலோன் பிரஷினால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் உலர்ந்த பகுதியில் வழிந்து கோடாகப் படியும். உவர்க் கிணற்று நீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு கல்லுக்குள் புகுந்து காயும்போது மேற்பரப்பைத் தள்ளி உரிக்கும்.

நீங்கள் குறிப்பிடும் அடையாளங்கள் பெரும்பாலும் தமிழ் இலக்கங்களாகவோ திகதிக் குறியீடுகளாகவோ இருக்கும். ஆண்டைக் குறிக்க ௵, மாதத்துக்கு ௴, திகதிக்கு ௳ என்ற சுருக்கங்களைப் பழையோர் பயன்படுத்தினர். ஆயிரத்துக்கு ௲, நூறுக்கு ௱, பத்துக்கு ௰ என்ற குறிகளை இடையிட்டு எழுதினால் 1854 என்பது ௲௮௱௫௰௪ என்று அமையும். மெய்யெழுத்தின் புள்ளியைச் சில கற்றச்சர் இடாமலே விட்டனர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டையும் காட்டாமல் விட்டனர். எனவே 'தெவன்' என்று இருந்தால் தேவன் என்று வாசிக்க வேண்டியிருக்கும். றா, லை, னை முதலிய எழுத்துக்கள் 1970களின் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் இருப்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தடங்கலின்றி வாசிப்பார்கள். படியெடுக்கும்போது பிழை திருத்தாதீர்கள். கல்லில் உள்ளபடியே, வரிக்கு வரியாக எழுதி, தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி இடுங்கள். கற்றச்சர் விட்ட பிழையும் அக்காலத்து உச்சரிப்பைப் பற்றி எங்களுக்குச் சொல்லும் சான்றுதான்.

கேள்வி: கனடாவில் வசிக்கும் நாங்கள், ஊரிலுள்ள எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் பழைய கல்லறையை உடைத்துவிட்டு, கறுப்புக் கிறனைற்றில் புதிதாகக் கட்டுவதற்குக் குடும்பத்தினரிடம் பணம் சேர்த்துள்ளோம். அவர்மீதுள்ள மரியாதையினாலேயே இதைச் செய்கிறோம். இதில் தவறுண்டா?
– ரொறன்ரோ வாசகர்

பதில்: உங்கள் மரியாதையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கல்லறையைக் கட்டியவர்கள் அவரைக் கண்ணாற் கண்டவர்கள். அவரது மனைவியும் மக்களும் தெரிந்தெடுத்த சொற்களும் வடிவமும் அவை. புதிய கல்லில் அதே சொற்களை வெட்டினாலும் அந்தத் தெரிவு அங்கே இராது. ஆகவே உடைக்க வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சேர்த்த பணத்துக்கு நல்ல வேலை இருக்கிறது. பழைய கல்லறைகளிற் பல சுண்ணக்கல்லையோ முருகைக்கல்லையோ சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்துக் கட்டப்பட்டவை. அவை நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதும், பூச்சின் வழியே அந்த ஈரம் வெளியேறுவதும் இயல்பு. மேலே சீமெந்து பூசினால் ஈரம் வெளிவர வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்பாகப் பூத்து, கல்லை அரிக்கும். சில வருடங்களில் சீமெந்துப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். எனாமல் பூச்சும் தரைஓடும் இதே கேட்டைத்தான் செய்யும். சுண்ணாம்பை நீற்றிச் சாந்து அரைக்கத் தெரிந்த முதிய மேசன்மார் ஒருசிலர் இன்னும் இருக்கிறார்கள். கோவில் திருப்பணி செய்வோரிடம் விசாரியுங்கள். வெடிப்புகளை அந்தச் சாந்தால் அடைத்து, மழைநீர் தேங்காதபடி சுற்றிலும் நிலத்தைச் சரிவாக்கினாலே கல்லறை இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். ஆலங்கன்றோ அரசங்கன்றோ வேரோடியிருந்தால் இழுத்துப் பிடுங்க விடாதீர்கள், கட்டடமே பெயர்ந்துவிடும்; அடியோடு வெட்டி, தளிர்க்கத் தளிர்க்க மீண்டும் வெட்டி, வேர் பட்டுப்போன பின்பே எடுக்க வேண்டும்.

உங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டனாரைப் பற்றிப் புதிதாக ஏதேனும் பொறிக்க வேண்டுமென விரும்பினால், கல்லறையைத் தொடாமல் அதன் காற்புறத்தில் ஒரு சிறு கல்லைத் தனியே நாட்டுங்கள். இன்ன ஆண்டில் இன்னார் வைத்தது என்றும் அதில் குறியுங்கள். மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1884இல் தம் சொந்த ஊராகிய மசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் இறந்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியராயிருந்தவர் என்பதை அங்குள்ள அவரது கல் இன்றும் சொல்கிறது. அந்தக் கல்லைத் தேடிச் சென்று படம் எடுத்து வரும் தமிழர்கள், அது பழையதாகவும் எளியதாகவும் இருப்பதையே விரும்புகிறார்கள்.

கேள்வி: சைவர்களாகிய நாங்கள் உடலைத் தகனம் செய்து, சாம்பலைக் கீரிமலையில் கரைத்துவிடுகிறோம். கல்லறை எங்கள் மரபல்லவே. சேமக்காலைகளைப் பேணுவதில் எங்களுக்கு என்ன அக்கறை இருக்க முடியும்?
– கொக்குவில் ஆசிரியர்

பதில்: மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களே, இந்த மண்ணின் மிகப் பழைய வரலாற்றை நாம் அறிந்ததே ஈமக்குழிகளின் வழியாகத்தான். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்வில், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த மனித எலும்புக்கூடுகளும், அவற்றோடு வைக்கப்பட்ட மட்கலங்களும், பிராமி எழுத்துப் பொறித்த வெண்கல முத்திரையும் கிடைத்தன. குடாநாட்டில் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னரே எழுத்தறிவுடைய சமூகம் வாழ்ந்தது என்று வகுப்பறையில் நீங்கள் கற்பிப்பீர்களானால், அதற்கான சான்று ஓர் அடக்கத்திலிருந்தே வந்தது. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தாழி வனையும் குயவனிடம், எனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனைவாயாக என்று வேண்டும் சங்கப் பாடலை நீங்கள் அறியாதவர் அல்லர்; தாழியில் அடக்குவதும் நடுகல் நாட்டுவதும் தமிழர்க்கு அயலான வழக்கங்கள் அல்ல. துறவியரைச் சமாதி வைக்கும் வழக்கம் சைவத்தில் இன்றுவரை தொடர்கிறது. நீராவியடியிலுள்ள கடையிற் சுவாமிகளின் சமாதிக்கு அன்றாடம் விளக்கேற்றப்படுகிறது. சுடலைகளில் உள்ள பழைய மடங்களும், கிரியைக்கென வெட்டிய கிணறுகளும், உபயகாரரின் பெயர் பொறித்த கற்களும் கவனிப்பாரின்றி இடிந்து வருகின்றன. அவற்றைப் பதிவு செய்யும் வேலையை உங்கள் மாணவர்களே தொடங்கலாம்.

சோனகத் தெருவைச் சூழ்ந்த முஸ்லிம் மக்கள் 1990 ஒக்ரோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்டனர்; அவர்கள் விட்டுச்சென்ற மையவாடிகளும் (முஸ்லிம்களின் அடக்கத் தலங்களும்) இந்நகரின் வரலாற்றுக்கு உரியவையே. மனதுக்கு உவப்பில்லாத ஓர் உண்மையையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் இறந்தோரின் இடங்கள் மதத்தால் மட்டுமன்றிச் சாதியாலும் பிரிக்கப்பட்டிருந்தன. சுடலைகள் தொடர்பான பிணக்குகள் அண்மைக்காலம் வரை போராட்டங்களாக வெடித்துள்ளன. எந்தச் சுடலைக்கு மதில் இருந்தது, எதற்குப் பாதைகூட இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பதிவு செய்தால்தான் அந்தப் பதிவு நேர்மையானதாக இருக்கும். அழகிய கற்களை மட்டும் பேணிவிட்டு அதை மரபுரிமை என்று அழைக்க நான் உடன்படமாட்டேன்.

கேள்வி: பழைய கல்லறைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா? யாருக்கு எழுத வேண்டும்? எடுத்த படங்களை எங்கே கொடுத்து வைப்பது?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்ட நினைவுச்சின்னங்களைத் தொன்மையானவையாகக் கொள்கிறது. ஒல்லாந்தர் காலக் கற்கள் அதற்குள் அடங்கும். மிஷன் காலத்துக் கல்லறைகளிற் பெரும்பாலானவை அந்தத் திகதிக்குப் பிந்தியவை. அவற்றைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் பிரகடனம் செய்விக்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைத் தொல்பொருள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகத்துக்கு எழுதி, யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதி அனுப்புங்கள். பொது மயானமாயின் பிரதேச சபையோ நகர சபையோ பொறுப்பு. திருச்சபைக் காணியாயின் பங்குத்தந்தையோடு அல்லது குருவானவரோடு முதலிற் பேசுவதே முறை. அடக்கத் தலத்துக்குள் அத்துமீறி நுழைந்து மனத்தைப் புண்படுத்துவது குற்றவியற் சட்டக்கோவையின்படி குற்றமாகும். ஆனால் காணிக்கு உரிமையுடைய நிர்வாகமே கற்களை அகற்ற முனையும்போது அந்தப் பிரிவு அதிகம் உதவாது. அங்கே ஊரவரின் கையெழுத்துகளோடு போகும் கடிதமே பலன் தரும். கடிதத்தோடு கல்லறைகளின் பட்டியலும் படங்களும் இணைக்கப்பட்டிருந்தால் அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதற்கான வாய்ப்புக் கூடும்.

படங்களை ஒரே கைபேசியில் வைத்திருக்காதீர்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் இலக்கம் இட்டு, அந்த இலக்கத்தையே வரைபடத்திலும் படத்தின் பெயரிலும் வாசகப் பிரதியிலும் எழுதுங்கள். இலக்கத்தைக் கல்லில் எழுத வேண்டாம். ஒரு பிரதியைத் திருச்சபை அலுவலகத்திலும், ஒன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும் கொடுத்து, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் பேணிவரும் நூலக நிறுவனத்துக்கும் ஒன்றை அனுப்புங்கள். அண்மைக்காலத்தில் இறந்தோரின் கல்லறைகளைப் படமெடுக்கும்போது குடும்பத்தினரின் சம்மதத்தை முன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும்.